ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது கிரீச் சத்தமா? அறிகுறி வாரியாகப் பழுது கண்டறியும் வழிமுறை

ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்பக்கம் சத்தம் கேட்கிறது என்ற புகாருடன் வரும் கார்களில், எந்த நிலையில் சத்தம் வந்தது என்று யாரும் கேட்காமலேயே லோயர் ஆர்ம், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் என்று வரிசையாக மாற்றப்பட்டு, சத்தம் மட்டும் அப்படியே தங்கிவிட்ட வண்டிகள் நிறைய உண்டு. கிரீச், கீச், நறநற என்று அவரவர் காதுக்குப் பட்டபடி பெயர் சொல்வார்கள். ஒரே பழுது இருவர் வாயில் இரு பெயர் பெறும். ஆகவே சத்தத்தின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்வதே பழுதை நெருங்கும் குறுக்குவழி. கீழே உள்ள பிரிவுகள் அந்த முறையில்தான் அமைந்துள்ளன.

இங்கே சொல்லப்படுவது முன்சக்கர இழுவையும் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) சஸ்பென்ஷனும் உள்ள சிறிய கார்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10, டியாகோ போன்றவை எல்லாம் இந்த வகையே. இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளுக்கு முன் ஆக்சில் (என்ஜின் விசையை முன்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு), ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் ஆகியவை பற்றிய பகுதிகள் பொருந்தா; மற்றவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கி, நான்கு நிலைகளில் சத்தத்தைக் கேளுங்கள். முதலில், என்ஜினை அணைத்து, சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டு விடுபட்ட நிலையில், ஸ்டியரிங் சக்கரத்தை இரு பக்கமும் ஒடியுங்கள். என்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங் கை கொடுக்காது என்பதால் கனமாக இருக்கும், ஆனால் கால் சுற்று ஒடித்தாலே போதும். அடுத்து, என்ஜினை ஓடவிட்டு நின்ற இடத்திலேயே ஒடியுங்கள். பிறகு காலி மைதானத்தில் நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். கடைசியாக, ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் 50 முதல் 60 கி.மீ. வேகத்தில், பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, லேசாக இடமும் வலமும் விலகிப் பாருங்கள்.

முதல் சோதனையிலேயே, அதாவது என்ஜின் அணைந்து சக்கரம் உருளாத நிலையிலேயே, சத்தம் வந்துவிட்டால் பெல்ட், பம்ப், ஆக்சில், வீல் பேரிங், பிரேக் ஆகிய ஐந்தும் பட்டியலிலிருந்து கழிந்துவிடுகின்றன. காசு செலவில்லாத இந்த ஒரு சோதனைக்கு ஈடான சோதனை வேறில்லை. முடிந்தால் ஒருவர் உள்ளே அமர்ந்து ஒடிக்க, மற்றவர் வெளியே நின்று கேட்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவருக்கு இடப்பக்கச் சத்தம்கூட வலப்பக்கத்தில் வருவதுபோல் தோன்றுவது உண்டு.

சக்கரத்தைத் தூக்க வேண்டிய சோதனைகளில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் தாங்கவைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது.

அறிகுறி 1: வழவழப்பான தரையில் மட்டும் கீச்சிடுகிறது

அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்திலும், வணிக வளாகத்தின் பார்க்கிங்கிலும், டைல்ஸ் பதித்த போர்டிகோவிலும் மட்டும் சத்தம் வந்து, தார்ச்சாலையில் அடியோடு மறைந்துவிட்டால் அது டயர் ரப்பர் பூச்சுத்தரையில் வழுக்கும் சத்தம். வண்டியில் பழுதில்லை. நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தை, ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவுக்குச் சரிசெய்தால் போதும், காற்று குறைந்த டயர் கூடுதலாகவே கீச்சிடும். தார்ச்சாலையிலும் சாதாரண வேகத்தில் திரும்பும்போது டயர் கத்துகிறது என்றால், டயரின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரேபோல் தேய்ந்திருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் தேவை.

அறிகுறி 2: நின்ற நிலையில் ஒடிக்கும்போது சத்தம் கேபினுக்குள் கேட்கிறது

காதை ஸ்டியரிங் சக்கரத்துக்கு அருகிலும், பிறகு குனிந்து பெடல்களுக்கு அருகிலும் வைத்துக் கேட்டால் இந்த வகை உடனே பிடிபடும். வெளியே நிற்பவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது.

முதலில் பார்க்க வேண்டியவை நாமே வாங்கி மாட்டியவை. ஸ்டியரிங்குக்குத் தடித்த உறை தைத்துப் போட்டிருந்தால் அதன் விளிம்பு பின்னால் உள்ள பிளாஸ்டிக் மூடியில் உரசும். காலடியில் போட்ட தடித்த 7டி மேட், ஸ்டியரிங் தண்டு கீழே இறங்கும் இடத்தை நெருக்கிக்கொண்டு நிற்கும். உறையைக் கழற்றி, மேட்டை உருவி எடுத்துவிட்டு ஒருமுறை ஒடித்துப் பாருங்கள். மேட் போட்ட வாரத்திலிருந்து தொடங்கிய சத்தத்துக்கு ஸ்டியரிங் பாக்ஸைக் குறைசொல்லி வருபவர்கள் இருக்கிறார்கள்.

அவை காரணமில்லை என்றால், தண்டு என்ஜின் அறைக்குள் நுழையும் துளையை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். தூசி படிந்து காய்ந்த ரப்பர், தண்டு திரும்பும்போதெல்லாம் கிரீச்சிடும். துணியால் துடைத்துவிட்டுச் சிலிக்கான் கிரீஸை விரலால் மெல்லிய படலமாகத் தடவினால் சத்தம் நின்றுவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் பெட்ரோலியம் கலந்த ஸ்பிரேயை இங்கே அடிக்க வேண்டாம். அன்றைக்குச் சத்தம் நின்றாலும், ரப்பர் ஊதித் தளர்ந்து சில மாதங்களில் கிழியும். ரப்பர் எதற்கும் சிலிக்கான் என்பது இந்தக் கட்டுரை முழுவதற்கும் பொருந்தும் விதி.

சத்தம் கீழிருந்து வராமல் ஸ்டியரிங் சக்கரத்துக்குள்ளிருந்தே, காகிதம் உரசுவதுபோல் வருகிறது என்றால் அது கிளாக் ஸ்பிரிங் எனப்படும் நாடாச் சுருளாக இருக்கலாம். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்தொடர்பு அதன் வழியாகத்தான் செல்கிறது. ஹாரன் சில நேரம் அடித்துச் சில நேரம் அடிக்காமல் போனாலோ, ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ ஐயமே வேண்டாம். அதைக் கழற்ற ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும் என்பதால் வீட்டில் தொடவே கூடாத வேலை இது. பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே கொடுங்கள்.

அறிகுறி 3: நின்ற நிலையில் ஒடிக்கும்போது முன்சக்கரப் பக்கமிருந்து கிரீச் அல்லது ‘டொங்’ சத்தம்

மிக அதிகமாக வரும் புகாரும், மிக அதிகமாகத் தவறான பாகம் மாற்றப்படும் புகாரும் இதுதான். லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) ரப்பர் புஷ், அதன் வெளிமுனையில் உள்ள பந்துமூட்டான பால் ஜாயிண்ட், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் முனையான டை ராட் எண்ட், ஸ்ட்ரட்டின் மேல்முனையில் உள்ள மவுண்ட் பேரிங் ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒரே சத்தத்தைத் தரக்கூடியவை. காதால் மட்டும் பிரிக்க முயல்வது வீண் வேலை.

3.1: மழையில் நின்றுவிட்டு, காய்ந்ததும் திரும்ப வருகிறதா?

வாட்டர் வாஷ் முடித்த அன்றும் மழை நாளிலும் சத்தம் காணாமல் போய், இரண்டு நாள் வெயிலில் திரும்ப வந்துவிட்டால் காய்ந்த ரப்பர்தான் முதல் சந்தேகம். ஒருவர் மெதுவாக ஒடித்துக்கொண்டிருக்க, பூச்செடிக்குத் தெளிக்கும் தண்ணீர் பாட்டிலால் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பை மட்டும் நனையுங்கள். முதலில் லோயர் ஆர்மின் இரண்டு புஷ்கள், பிறகு வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ்கள், அடுத்து பால் ஜாயிண்டின் ரப்பர் உறை. ஒவ்வொன்றையும் நனைத்த பிறகு ஐந்தாறு முறை ஒடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்துவிட்டால் சோதனை கெட்டது. எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுவே இடம்.

புஷ் ரப்பரில் வெடிப்பு இல்லாவிட்டால் சிலிக்கான் ஸ்பிரே அடித்து விட்டுவிடலாம். அது நிரந்தரத் தீர்வு இல்லை. ஆனால் வெறும் காய்ந்த ரப்பரின் சத்தத்தால் ஆபத்தும் இல்லை. வெடிப்பு ரப்பரின் பாதி ஆழம் வரை போயிருந்தாலோ, ரப்பர் இரும்பு வளையத்தைவிட்டுப் பிரிந்திருந்தாலோ புஷ்ஷை மாற்ற வேண்டும். புஷ்ஷை மட்டும் அழுத்தி மாற்றும் வசதியுள்ள கடையில் ஆர்மை முழுதாக வாங்கத் தேவையில்லை.

3.2: உறை கிழிந்த பால் ஜாயிண்ட்

சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் லோயர் ஆர்மின் வெளிமுனையில் குமிழ்போன்ற ரப்பர் உறை தெரியும். அது கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதில் துருவும் மண்ணும் இருந்தால் சத்தத்தின் இடத்தைத் தேடி மேலே போக வேண்டியதில்லை. ஊசியால் உறைக்குள் கிரீஸ் ஏற்றிச் சத்தத்தை நிறுத்தித் தரும் பழக்கம் பல கடைகளில் உண்டு. சத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்வதற்கு அது நல்ல வழி, பழுது நீக்கமாக அதை ஏற்க முடியாது. ஏனென்றால் உள்ளே தேய்ந்துபோன உலோகம் கிரீஸால் வளர்ந்துவிடாது.

தேய்மானத்தைச் சோதிக்க, சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையை நுழைத்து மேல்நோக்கி நெம்பும்போது ஜாயிண்டில் ஆட்டம் தெரிகிறதா என்று மற்றொருவர் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அந்த வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பால் ஜாயிண்ட் கழன்றால் அந்தப் பக்கத்துச் சக்கரம் வெளிப்புறமாகச் சாய்ந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும், அது எந்த வேகத்தில் நடக்கும் என்பது நம் கையில் இல்லை. பல மாடல்களில் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்முடன் சேர்ந்தே வருகிறது.

டை ராட் எண்டுக்கும் இதே கண்டிப்புப் பொருந்தும். தூக்கிய சக்கரத்தைக் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டும்போது ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தால் டை ராட் எண்டையோ, ஸ்டியரிங்கின் சுழற்சியை இடவல அசைவாக மாற்றும் ஸ்டியரிங் ராக்கையோ பார்க்க வேண்டும். 12 மணி, 6 மணி இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங்.

3.3: ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்

கீழே உள்ள எல்லாம் சரியாக இருந்து, ஒடிக்கும்போது கிரீச்சுக்கு நடுவே ‘டொங்’ என்று கம்பி தெறிப்பதுபோலவும் கேட்டால் பானெட்டைத் திறந்து மேலிருந்து தொடங்குங்கள். மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் சக்கரம் திரும்பும்போது காயில் ஸ்பிரிங்கும் கூடவே திரும்ப வேண்டும், வண்டியின் உடம்போ திரும்பாது. அந்த இடைவெளியைச் சமாளிப்பதுதான் மேலே உள்ள சிறு பேரிங்கின் வேலை.

ஒருவரை மிக மெதுவாக ஒடிக்கச் சொல்லிவிட்டு, உங்கள் உள்ளங்கையை ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். விரல்களைச் சுருள்களுக்கு நடுவே விடவே கூடாது. பேரிங் நல்ல நிலையில் இருந்தால் ஸ்பிரிங் சக்கரத்தோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு திரும்புவது கையில் தெரியும். பேரிங் இறுகியிருந்தால் சக்கரம் திரும்பத் தொடங்கிய பிறகும் ஸ்பிரிங் ஒரு கணம் அசையாமல் நின்று, உள்ளங்கைக்கு அடியில் முறுக்கேறி, பிறகு சட்டென்று துள்ளித் திரும்பும். அந்தத் துள்ளலும் ‘டொங்’ சத்தமும் ஒரே கணத்தில் வரும். ஒருமுறை கையில் உணர்ந்தவர் இதை மறுபடி வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார். மற்றொரு கையை மேலே மவுண்ட் மூடியின்மீது வைத்தால் அங்கேயும் அதே அதிர்வு கிடைக்கும்.

இன்னொரு துணைச் சான்றும் உண்டு. வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராமல், நாம் கையால் திருப்பிக்கொண்டுவர வேண்டியிருந்தால் பேரிங் இறுகியிருப்பதற்கான வாய்ப்பு அதிகம். வெள்ளத்தில் நின்ற வண்டிகளிலும், கடலோர ஊர்களில் திறந்த வெளியில் நிறுத்தப்படும் வண்டிகளிலும் இந்தப் பேரிங் துருப்பிடித்துச் சீக்கிரமே இறுகுகிறது.

மேலேயிருந்து எண்ணெய் ஊற்றினால் பேரிங்குக்கு முழுதாகப் போய்ச் சேராது, மவுண்ட் ரப்பர்தான் கெடும். பேரிங்கை மாற்ற ஸ்ட்ரட்டை முழுதாக இறக்கி, ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கருவியில் மாட்டித்தான் கழற்ற வேண்டும். அந்த ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிற விசையோடு அடங்கிக் கிடக்கிறது. கருவி வழுக்கினால் முகத்தையே பெயர்த்துவிடும். கயிறும் கம்பியும் கட்டிக்கொண்டு வீட்டில் முயல வேண்டாம். இதைக் கடையில் கொடுக்கும்போது, ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை என்றால் பேரிங்கும் மவுண்ட் ரப்பரும் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். இறக்கும் கூலி ஒன்றே என்பதால் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்ற யோசனை வரும், வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தால் அதில் நியாயமும் இருக்கிறது, ஆனால் சத்தத்துக்கு அது காரணம் இல்லை. பேரிங்கை மட்டும் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது.

அறிகுறி 4: என்ஜின் ஓடும்போது மட்டும், முழுதாக ஒடித்ததும் கத்துகிறது

என்ஜினை அணைத்து ஒடித்தால் சத்தமில்லை, ஓடவிட்டு ஒடித்தால் ‘கீ’ என்று நீளமாகக் கத்துகிறது என்றால் பெல்ட் அல்லது பம்ப். உங்கள் வண்டியில் எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கா, மோட்டாரால் இயங்கும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இண்டிகா, பொலேரோ, கிரிஸ்டா போன்றவற்றில் ஹைட்ராலிக். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் எலெக்ட்ரிக்.

ஹைட்ராலிக் வண்டியில் பானெட்டுக்குள் இருக்கும் சிறு டப்பாவில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் டப்பாவின் மூடியிலோ கையேட்டிலோ சொல்லியிருக்கும் வகையை மட்டும் ஊற்றுங்கள். கியர் எண்ணெய் எல்லா வண்டிக்கும் ஆகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மூடிய சுற்றில் எண்ணெய் தானாகக் குறையாது என்பதால் குழாய் மூட்டுகளிலும் ராக்கின் இரு முனை ரப்பர் உறைகளிலும் கசிவைத் தேடுங்கள். எண்ணெயில் நுரை தெரிந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. முன்சக்கரங்களைத் தூக்கி, என்ஜினை அணைத்து, மெதுவாகப் பலமுறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தால் காற்று வெளியேறும். மட்டம் சரியாக இருந்தும் பம்ப் முனகினால் பம்ப்புக்கே வயதாகிவிட்டது. முழுதாக ஒடித்த நிலையில் ஸ்டியரிங்கை ஐந்து விநாடிக்கு மேல் இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது பம்ப்பின் ஆயுளுக்கு நல்லது.

பெல்ட்டைச் சோதிக்க, என்ஜின் ஓடும்போது அதன் வரிப்பள்ளமுள்ள உட்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் சட்டென்று அடங்கிச் சிறிது நேரத்தில் திரும்பினால் புல்லிகள் (பெல்ட் ஓடும் உருளைகள்) ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள்; சத்தம் இன்னும் பெரிதானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை என எதுவும் பெல்ட்டுக்கு அருகே வரக் கூடாது. பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ குறுக்கே வெடித்திருந்தாலோ புதிது போடுங்கள். பெல்ட்டின்மேல் எந்த ஸ்பிரேயும் அடிக்காதீர்கள்.

எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில் ஸ்டியரிங்குக்கென்று பெல்ட் இல்லை என்றாலும் பெல்ட் கத்தலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முழுதாக ஒடிக்கும்போது அந்த மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது. அதை ஈடுகட்ட, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் கனமாகச் சுழல, அதை ஓட்டும் பெல்ட் வழுக்குகிறது. ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுக்கொண்டு ஒடிக்கும்போது கத்தல் கூடினால் இதுவே காரணம்.

அறிகுறி 5: யூ-டர்ன் எடுக்கும்போது ‘டக்டக்டக்’ என்று வருகிறது

சக்கரம் சுழலும் வேகத்துக்கு ஏற்பத் தட்டல் வேகமெடுத்து, நேராக ஓடும்போது மறைந்துவிட்டால் ஆக்சிலின் வெளிமூட்டு தேய்ந்திருக்கிறது. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, முதல் கியரில் சற்றே வேகம் கொடுத்து வட்டமடித்தால் சத்தம் தெளிவாகக் கேட்கும். மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். எந்தப் பக்கம் திரும்பினால் கேட்கிறது என்பதை வைத்து எந்த ஆக்சில் என்று முடிவுகட்டுவதைவிட, வெளியே நிற்பவர் காதையும் அடுத்துச் சொல்லும் பார்வைச் சோதனையையும் நம்புவது நல்லது.

சக்கரத்தை முழுதாக ஒடித்து நிறுத்திவிட்டு, டயருக்குப் பின்னால் உள்ள துருத்திபோன்ற ரப்பர் உறையை (பூட்) பாருங்கள். நேராக நிற்கும்போது மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் கிழிசல், ஒடித்த நிலையில் வாயைத் திறந்துகொள்ளும். பூட் கிழிந்த வண்டியில் ரிம்மின் உள்முகத்தில், கிழிசலுக்கு நேர் எதிரே, விசிறி அடித்ததுபோல் கறுத்த கிரீஸ் கோடு படிந்திருக்கும். அந்தக் கிரீஸைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். கறுப்பு நிறம் எதையும் சொல்லாது, ஏனென்றால் ஆக்சில் கிரீஸ் புதிதாக இருக்கும்போதே கறுப்புதான்; ஆனால் விரலில் நறநறவென்று மணல் பட்டால் அதே மணல் உள்ளே குண்டுகளையும் அரைத்துக்கொண்டிருக்கிறது.

கிழிசலைச் சத்தம் வரும் முன்பே கண்டுபிடித்துவிட்டால், வெளிமூட்டைக் கழுவி, புதுக் கிரீஸும் புது பூட் உறையும் போட்டுச் சிறு செலவில் முடித்துவிடலாம். தட்டல் தொடங்கிய பிறகு பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு. வெளிமூட்டையோ ஆக்சிலையோ மாற்றியே ஆக வேண்டும். சக்கர மையத்தில் ஆக்சிலை இறுக்கியிருக்கும் ஹப் நட்டைக் கழற்ற நீண்ட பிடியும், திரும்ப முறுக்கச் சரியான அளவு காட்டும் டார்க் ஸ்பேனரும் தேவை என்பதால் இது பொதுவாகக் கடைவேலையே. லேசான தட்டலோடு சில நாள் ஓட்டலாம், நெடுந்தூரப் பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

அறிகுறி 6: ஓடும்போது திரும்பினால் உலோகம் உரசுகிறது, பிரேக்கைத் தொட்டால் சத்தம் மாறுகிறது

மழை இரவுக்கு அடுத்த காலையில் முதல் சில பிரேக்குகளுக்கு மட்டும் வரும் கரகரப்பு, டிஸ்க்கில் படிந்த துரு, தானாகப் போய்விடும். சல்லி கொட்டிய சாலையில் வந்த பிறகு திடீரென்று காது கூசும்படி உரசினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள மெல்லிய தகடுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கும். சிறிது தூரம் பின்னால் எடுத்து, இரு பக்கமும் ஒடித்து ஓட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி எடுக்கலாம். தகடு வளைந்திருந்தால் கையாலேயே மெல்ல விலக்கிவிடலாம்.

பிரேக் பேடில் பதித்த எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கத்துவது மற்றொரு காரணம். பேடின் உராய்வுப் பொருள் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். வெளிப் பேடை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் வழுக்குக் கம்பிகள் காய்ந்திருந்தால் உள் பேடே முதலில் தீரும். பெடலை மிதிக்கும்போது நறநறவென்று அரைத்தால் இரும்பு இரும்பைத் தின்கிறது, அன்றே மாற்றுங்கள்.

முழுதாக ஒடித்தால் மட்டும் பிளாஸ்டிக் உரசும் சத்தம் வந்தால் சக்கர வளைவின் உள்லைனர் கிளிப் விட்டுத் தொங்குகிறதா என்றும், கம்பெனி அளவைவிட அகலமான டயர் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

அறிகுறி 7: வேகத்தில் வளைந்தால் முனகல் கூடுகிறது அல்லது குறைகிறது

50 கி.மீ.க்கு மேல் ‘ஊ’ என்று விமானம்போல் முனகி, வலப்புறம் விலகும்போது கூடினால் இடப்பக்க வீல் பேரிங்கையும், இடப்புறம் விலகும்போது கூடினால் வலப்பக்கத்தையும் முதலில் சந்தேகியுங்கள், வளையும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாய்கிறது. ஏற்ற இறக்கமாகத் தேய்ந்த டயரும் இப்படி முனகும். டயர் சத்தம் என்றால் சாலை மாறினால் சுருதி மாறும், முன்டயர்களைப் பின்னுக்கு மாற்றினால் சத்தமும் பின்னுக்குப் போகும்.

சந்தேகப்படும் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் அதைச் சுழற்றிக்கொண்டே மறு கையைக் காயில் ஸ்பிரிங்கின்மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு நன்றாக வரும். பேரிங்கை அழுத்தி ஏற்ற ப்ரெஸ் வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றும் இடத்தில் கொடுத்தால் சில மாதங்களில் அதே வேலைக்குத் திரும்பி வர நேரும்.

அறிகுறி 8: வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அதே கிரீச்

ஒடிக்கும்போது வருவதைவிட, சாய்வாக வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது அதிகம் கேட்டால் ஸ்டெபிலைசர் புஷ்ஷும், அந்தக் கம்பியின் முனையை இணைக்கும் லிங்க் ராடும்தான். இவை மலிவானவை, எளிதில் மாற்றக்கூடியவை, உயிருக்கு ஆபத்து தராதவை. 3.1இல் சொன்ன தண்ணீர்ச் சோதனை இங்கேயும் செல்லும்.

வண்டியை நிறுத்திவிட்டு ஆளை அழைக்க வேண்டிய கட்டம்

பால் ஜாயிண்டிலோ டை ராட் எண்டிலோ கண்ணுக்குத் தெரியும் ஆட்டம், ஸ்டியரிங் ஓரிடத்தில் இறுகிப் பிறகு விடுபடுவது, பிரேக்கில் இரும்பு அரைப்பது, தூக்கிய சக்கரம் 12 மணி–6 மணி இடத்தில் தெளிவாக ஆடுவது, ஸ்டியரிங் அல்லது ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிவது ஆகியவற்றில் எது இருந்தாலும் இழுவை வண்டியை வரவழைப்பதே முறை. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லிக் காட்டுவதும் சரிதான். கடை வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற கணக்கு இவற்றில் வேண்டாம்.

மற்றவற்றில், கடைக்குப் போகும்போது ‘முன்னாடி சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாமல், நான்கு சோதனைகளில் எதெதில் வந்தது, மழையில் நின்றதா, பிரேக் தொட்டால் மாறியதா என்பதைச் சொல்லி, முடிந்தால் கைபேசியில் எடுத்த காணொலியையும் காட்டுங்கள். பாகத்தை மாற்றுவதற்கு முன் அது கெட்டிருப்பதை உங்கள் கண்முன் ஆட்டிக் காட்டச் சொல்வதில் தவறில்லை. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லோயர் ஆர்ம் மாற்றியிருந்தால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி முறுக்கு முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே எந்நேரமும் இருந்து, விரைவில் கிழிந்து, அதே கிரீச் திரும்பிவிடும். வண்டியின் எடை சக்கரங்களின்மேல் அமர்ந்த பிறகே கடைசி முறுக்கு. ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராட் எண்ட் ஆகிய எதைத் தொட்டிருந்தாலும் வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.